மோட்டார் ஹோமுக்கு ஆறு டயர்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

கேள்வி: அண்ணா, வணக்கம். டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். 2012 மாடல் கிளாஸ் சி மோட்டார் ஹோம் (வேன் முகப்போடு கட்டிய நடமாடும் வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். 31 அடி நீளம், ஃபோர்டு ஈ-450 சேஸி, ஓடியிருப்பது 38,000 மைல்தான். ஜூலையில் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிராண்ட் கேன்யன் போகத் திட்டம். டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது, விற்றவரும் இன்னும் இருபதாயிரம் மைல் ஓடும் என்றார். ஆனால் பக்கவாட்டில் தேதி 3316 என்று இருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா? மூன்று விலை கேட்டு வைத்திருக்கிறேன்: பெயரே கேள்விப்படாத ஒரு சீனக் கம்பெனி டயர் 118 டாலர், ஃபயர்ஸ்டோன் ட்ரான்ஸ்ஃபோர்ஸ் 172, மிஷலின் அஜிலிஸ் 246. டிரெய்லர் டயர் போட்டால் இன்னும் அதிக எடை தாங்கும், விலையும் குறைவு என்று ஒரு நண்பர் சொல்கிறார். வண்டி வாங்கியதிலேயே கை காலி. முன்னால் இரண்டை மட்டும் இப்போது மாற்றிவிட்டு பின்னால் நான்கை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா? கழற்றும் பழைய டயரில் ஒன்றை ஸ்டெப்னியாக வைக்கலாமா?

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். மாற்றித்தான் ஆக வேண்டும், ஆறையும், ஜூலைக்கு முன்னால். பணத்தை எங்கே குறைக்கலாம் என்பதைப் பிறகு பார்ப்போம், குறைக்க இடம் இருக்கிறது.

3316 என்றால் 2016ஆம் வருடத்தின் 33ஆவது வாரம். ஆகஸ்ட் நடுவில் தயாரான டயர். பட்டன் அப்படியே இருக்கிறது என்று நீங்கள் சொல்வது எனக்கு நல்ல செய்தியாகத் தெரியவில்லை, வண்டி ஓடாமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறது என்றுதான் படுகிறது. கார் டயர் தேய்ந்து போகும், மோட்டார் ஹோம் டயர் பெரும்பாலும் தேயும் முன்பே கெட்டுப் போகும். வெயிலையும் ஓசோனையும் தாங்குவதற்காக ரப்பரில் சில வேதிப்பொருள்களும் மெழுகும் கலந்திருப்பார்கள், டயர் உருண்டு நெளிந்தால்தான் அவை கசிந்து மேலே வந்து ஒரு பூச்சாக நிற்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காமல் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் வர ஆரம்பிக்கும். அதையாவது கண்ணால் பார்த்துவிடலாம். உள்ளே ஸ்டீல் பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் உள்ள பிடிப்பு வருடக்கணக்கில் காய்ந்து பலம் குறைவது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. ஒரு நாள் நெடுஞ்சாலையில் சூடேறி மேல்தோல் மொத்தமாகக் கழன்று பறக்கும்போதுதான் தெரியும்.

ஃபோர்டு ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. மிஷலின் கொஞ்சம் தாராளம், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதியுங்கள், எப்படி இருந்தாலும் பத்து வருடத்தில் மாற்றிவிடுங்கள் என்கிறது. அப்படியானால் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். அது மேல் எல்லை, அதுவும் நல்லபடியாகப் பராமரித்த டயருக்கு. உங்கள் வண்டியை முந்தையவர் காற்றே இல்லாமல் நிறுத்தி வைத்திருந்தாரா, டெக்சாஸ் வெயிலில் மூடாமல் போட்டிருந்தாரா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜூலையில், தார் கொதிக்கும் ரோட்டில், வயதான பெற்றோரை உட்கார வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நீங்கள் பார்த்த தேதி எந்த டயரில் இருந்தது? வெளிப்பக்கம் தெரிகிற ஒன்றில்தான் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேதியும் அடங்கிய டி.ஓ.டி எண்ணை (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கேட்கும் அடையாள எண்) முழுதாக டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டாலே போதும் என்பது இங்கே விதி, மறுபக்கத்தில் தேதி இல்லாமல் பாதி எண் மட்டும் இருக்கலாம். அதனால் பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடியாக உள்ள நான்கில் ஒன்றிரண்டில் தேதி உள்பக்கமாகத் திரும்பி இருக்கக்கூடும். டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். வெளி டயர் 2016, உள் டயர் 2011 என்று இருக்கும் வண்டிகள் எங்கள் கடைக்கு வந்திருக்கின்றன. யாரோ எப்போதோ கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

சரி, எதை வாங்குவது. நீங்கள் பிராண்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள், நான் எடையிலிருந்து ஆரம்பிப்பேன். உங்கள் சேஸிக்கு ஃபோர்டு கொடுத்த அளவு எல்.டி (சிறிய லாரி ரக டயர்) 225/75 ஆர் 16, லோட் ரேஞ்ச் இ (எடை தாங்கும் படி). ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அதே அளவுதானா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த டயர் 80 பி.எஸ்.ஐ காற்றழுத்தத்தில் தனியாக மாட்டினால் 2,680 பவுண்டும், ஜோடியாக மாட்டினால் ஒன்றுக்கு 2,470 பவுண்டும் தாங்கும். ஜோடியில் குறைத்துக் கணக்கிடுவது ஏனென்றால் இரண்டும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை, ரோடு ஒரு பக்கம் சரிந்திருந்தாலே ஒன்றின் மேல் பாரம் கூடும். பின்னால் நான்கு டயர், ஆக 9,880 பவுண்டு. உங்கள் பின் அச்சின் அனுமதி 9,600. மிச்சம் 280 பவுண்டுதான், டயர் ஒன்றுக்கு 70. 31 அடி கிளாஸ் சி வண்டியில் பின் சக்கரத்துக்கு அப்புறமும் வீடு நீண்டுகொண்டே போகும், படுக்கை, சாமான் அறை எல்லாம் அங்கேதான். அந்தப் பாரம் பின் அச்சை அழுத்தி முன் அச்சைத் தூக்கும். முன்னால் ஓரளவு தாராளமாக இருக்கிறது, பின்னால்தான் இறுக்கம்.

அதனால் முதல் விதி: லோட் ரேஞ்ச் இ, அதற்குக் கீழே ஒரு படி கூட இறங்கக் கூடாது. இதே அளவில் லோட் ரேஞ்ச் டி டயரும் சந்தையில் கிடைக்கும், அதன் உச்சக் காற்று 65 பி.எஸ்.ஐ, தாங்கும் எடையும் அதற்கேற்பக் குறைவு. விலை குறைவாக இருப்பதைப் பார்த்து ஆன்லைனில் அவசரமாக ஆர்டர் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பக்கவாட்டில் 115/112 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அது இந்த 2,680க்கும் 2,470க்கும் உரிய குறியீடு.

நண்பர் சொன்ன டிரெய்லர் டயரை மறந்துவிடுங்கள். அவர் சொன்ன கணக்கு தவறில்லை, கிட்டத்தட்ட இதே பருமனுள்ள எஸ்.டி டயர் (டிரெய்லர் டயரின் குறியீடு அதுதான்) காகிதத்தில் அதிக எடையைக் காட்டத்தான் செய்யும். அந்த எண் எப்படி வந்தது என்பதுதான் விஷயம். எஸ்.டி டயர் இழுத்துச் செல்லப்படும் சக்கரத்துக்காகச் செய்தது, அது வண்டியைத் திருப்புவதும் இல்லை, இன்ஜின் சக்தியை ரோட்டில் இறக்குவதும் இல்லை. வேகமும் குறைவு என்று வைத்துக்கொண்டுதான் அந்த எடையைக் கொடுத்தார்கள், பல வருடம் மணிக்கு 65 மைல்தான் அதற்கு எல்லையாக இருந்தது. மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டிப் போகும் வண்டியில் மாட்டுவதற்கு அது இல்லை. நியாயமான கடை எதுவும் மாட்டவும் மாட்டாது, மாட்டித் தருகிறேன் என்று சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு வேலைக்காகச் செய்த டயரை இன்னொரு வேலையில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மோட்டார் ஹோம் உலகத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. குட்இயர் ஜி159 என்ற டயர், 275/70 ஆர் 22.5 அளவு. நகரத்துக்குள் நின்று நின்று போகும் டெலிவரி லாரிகளுக்கு ஏற்றது என்று சொல்லப்பட்ட அதே டயர், 1990களின் பிற்பாதியிலிருந்து பஸ் மாதிரி பெரிய கிளாஸ் ஏ மோட்டார் ஹோம்களில் ஏறியது. மணிக்கணக்கில் நெடுஞ்சாலை வேகம், எடையோ விளிம்பு வரை. டயரின் மேல்தோல் கழன்று விபத்துகள், வழக்குகள் என்று பல வருடம் போய், கடைசியில் 2022 ஜூனில்தான் அந்த அளவில் சுமார் 1,73,000 டயர்களுக்கு ரீகால் (கம்பெனியே திரும்பப் பெறும் அறிவிப்பு) வந்தது. டயரில் குறை இல்லை, மோட்டார் ஹோம்களில் அதிக எடையும் குறைந்த காற்றும்தான் ஆபத்து என்பது குட்இயரின் வாதம். யார் சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை, அவர்கள் வாதத்தையே எடுத்துக்கொண்டாலும் உங்களுக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருக்கிறது, எடையும் காற்றும்.

இப்போது மூன்று விலைக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 172 டாலர் டயரை வாங்குவேன், ஆறும் ஒரே தடவையில். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். 118க்கும் 172க்கும் ஆறு டயரில் வித்தியாசம் 324 டாலர். ஆறு வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் வருடத்துக்கு 54 டாலர். அதைவிட மேலே மிஷலினுக்குப் போக இன்னும் 444 டாலர். மிஷலின் நல்ல டயர், அதில் சந்தேகமில்லை, மழை ரோட்டில் பிடிப்பு, ஓட்டும்போது மிருது எல்லாம் தெரியும். ஆனால் அது விலைக்கு ஈடு கொடுப்பது முக்கியமாக அதிக மைல் ஓடுவதில், நீங்களோ வருடத்துக்கு நாலாயிரம் மைல் ஓட்டினாலே பெரிய விஷயம். அறுபதாயிரம் மைல் உத்தரவாதம் என்று கடையில் ஆசை காட்டினால் பதினைந்து வருடம் ஓட்டினால்தானே அது முடியும் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குள் டயர் இரண்டு தடவை மாறியிருக்கும். அப்புறம், கார் டயரில் 400, 500 என்று தேய்மான எண் போட்டிருப்பார்களே, அதை இங்கே தேட வேண்டாம். அந்தத் தரவரிசை கார் டயருக்கு மட்டும்தான், எல்.டி டயர் அதற்குள் வராது. அந்த 444 டாலரை நான் வேறு இடத்தில் செலவு செய்யச் சொல்வேன், கீழே வருகிறேன்.

118 டாலர் டயரை நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? சீனா என்பதற்காக இல்லை. சீனாவில் செய்யும் சில கம்பெனிகளின் லாரி டயர்கள் இங்கே வருடக்கணக்கில் நன்றாக ஓடுகின்றன, நானே மாட்டி அனுப்புகிறேன். பிரச்சினை பெயரே இல்லாத டயரில். டி.ஓ.டி முத்திரை இருக்கிறதே, அரசாங்கம் சோதித்ததுதானே என்று நினைப்பார்கள். அந்த முத்திரை, அமெரிக்கப் பாதுகாப்பு விதிக்கு என் டயர் உட்பட்டது என்று தயாரிப்பாளர் தானே கொடுக்கும் சான்று, விற்பனைக்கு முன்னால் அரசாங்கம் ஒவ்வொன்றையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் யாரிடம் கேட்பது, ரீகால் வந்தால் யார் கடிதம் போடுவார்கள், அல்பகர்க்கியில் ஒன்று கிழிந்தால் அதே டயர் அங்கே கிடைக்குமா, ஜோடியில் வேறு கம்பெனி டயரைச் சேர்க்க நேர்ந்தால் உயரம் ஒத்துப் போகுமா, இந்த நான்கு கேள்விக்கும் அந்த விலையில் பதில் இல்லை. கையில் உண்மையிலேயே 118தான் இருக்கிறது என்றால் ஒன்பது வயது டயரில் போவதைவிடப் புதிய மலிவு டயர் மேல், அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில், 130, 140 டாலரில் தெரிந்த பெயராக ஏதாவது கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஹான்கூக், கூப்பர் மாதிரிப் பெயர்களில் தள்ளுபடிக் காலங்களில் விலை இறங்கும். மிஷலினே வேண்டும் என்று மனது கேட்டால் எஃப்.எம்.சி.ஏ என்ற மோட்டார் ஹோம் உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்து அவர்களுடைய டயர்த் திட்டத்தில் விலை கேட்டுப் பாருங்கள், சந்தா போக மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டு.

எந்தப் பிராண்டானாலும் தேதியைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். கிளியரன்ஸ் என்று நாற்பது டாலர் குறைத்துக் கொடுக்கும் டயர் கோடவுனில் இரண்டு வருடம் படுத்துக் கிடந்ததாக இருக்கலாம். கார்க்காரருக்கு அது பெரிய நஷ்டமில்லை, அவர் நான்கு வருடத்தில் தேய்த்துவிடுவார். உங்களுக்கு ஆறு வருட ஆயுளில் இரண்டு வருடம் கடையிலேயே போய்விட்டது என்று அர்த்தம், அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்டர் கொடுக்கும்போதே ஆறு மாதத்துக்கு மேல் பழசு என்றால் எடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால் ஆறையும் நீங்களே பார்த்து எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது தேதி உள்ள பக்கம் கண்ணில் படும்படி இருக்கட்டும் என்றும் கேளுங்கள், எல்லா டயரிலும் முடியாது, முடிந்த வரைக்கும் செய்வார்கள். அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்வது இலவசம், ரீகால் வந்தால் தகவல் வரும்.

அளவைக் கொஞ்சம் பெரிதாக்கி 235 போடலாமா என்று அடுத்து கேட்கப் போகிறீர்கள், எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். பின்னால் ஜோடி டயருக்கு நடுவில் இருக்கும் சந்து ரிம்மின் அமைப்பால் முடிவானது, டயர் அகலமானால் பாரம் ஏறிப் பக்கவாட்டு உப்பும்போது இரண்டும் ஒன்றோடொன்று உரசும். உரசினால் சூடு, சூட்டில் இரண்டும் போகும்.

முன்னால் இரண்டு மட்டும் இப்போது என்ற யோசனை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் இழுக்கும், பின்னால் நான்கில் ஒன்று போனால் மூன்று இருக்கிறதே என்ற நினைப்பு. ஆனால் மேலே சொன்ன 280 பவுண்டை ஞாபகம் வையுங்கள். ஜோடியில் ஒன்று காற்று இழந்தால் மற்றது இரண்டின் சுமையையும் தனியாகத் தூக்கும், வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று படுத்துக்கொண்ட கதைதான். உள் டயர் காற்றிழந்தால் வெளியே நின்று பார்த்தால் தெரியாது, ஓட்டும்போதும் தெரியாது, கொஞ்ச தூரத்தில் இரண்டாவதும் போகும். வெடித்துக் கிழிந்த ரப்பர் சும்மா விழாது, சாட்டை மாதிரி சுழன்று சக்கரத்துக்கு மேல் உள்ள மெல்லிய தளத்தைக் கிழிக்கும், அங்கே ஓடும் வயர், தண்ணீர்க் குழாய், சில வண்டிகளில் ப்ரோபேன் குழாய் எல்லாவற்றையும் அடிக்கும். டயரில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல பல மடங்கு அதில் போகும். உங்கள் ஆறும் ஒரே வயது என்றால் ஆறையும் மாற்றுங்கள். கட்டாயம் பிரித்துத்தான் செய்ய வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருக்கிறது: பயணத்தைத் தள்ளிப் போடுவது. ஒரு ஜோடியில் ஒன்று புதிது ஒன்று பழசு என்று மட்டும் எந்தக் காலத்திலும் போடாதீர்கள், இரண்டின் உயரத்திலும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே பெரியது சுமக்கும், சின்னது ரோட்டில் தேய்ந்துகொண்டு வரும்.

இப்போது அந்த மிச்சமான 444 டாலர். முதலில் வால்வு. சாதாரண கார் ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐக்கு மேல் தாங்குவதற்குச் செய்ததில்லை, உங்களுக்கு 80 வரை போக வேண்டியிருக்கும். டயர் கழற்றும் அன்றைக்கே ஆறு ரிம்மிலும் உலோக வால்வு போடச் சொல்லுங்கள், உள் டயருக்கு வெளியிலிருந்து காற்று பிடிக்கும்படி வளைந்து நீண்ட தண்டு கிடைக்கும். ரப்பர் வால்வின் மேல் பின்னல் குழாய் மாதிரி நீட்டிப்பு மாட்டியிருந்தால் கழற்றித் தூக்கிப் போடுங்கள், அதில் காற்று கசிந்து பின் டயர் போன வண்டிகள் ஏராளம். பலர் உள் டயரில் வருடக்கணக்கில் காற்றே பார்ப்பதில்லை, கை நுழையாது என்பதுதான் காரணம். கைக்கு எட்டினால் பார்ப்பீர்கள்.

அடுத்தது காற்றழுத்தம் காட்டும் சென்சார். உங்கள் காரில் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதே, அது 2000இல் ஃபயர்ஸ்டோன் டயர் ரீகாலுக்குப் பிறகு வந்த சட்டத்தால் கட்டாயமானது. ஆனால் அந்தக் கட்டாயம் பத்தாயிரம் பவுண்டு வரை உள்ள வண்டிகளுக்குத்தான், உங்கள் ஈ-450 அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 14,500, அதனால் விதிவிலக்கு. தனியாக ஆறு சென்சார் கிட் வாங்கி வால்வு முனையில் திருகிக்கொள்ளலாம். அழுத்தத்தோடு சூட்டையும் காட்டுவதாக வாங்குங்கள். உலோக வால்வு போட்ட பிறகுதான் இதை மாட்ட வேண்டும், ரப்பர் வால்வில் மாட்டினால் சென்சாரின் எடையே வால்வை ஆட்டிக் கெடுத்துவிடும்.

மூன்றாவது எடை மேடை. இதற்கு ஆகும் செலவு இரண்டு பேர் வெளியில் சாப்பிடும் செலவுகூட இல்லை, ஆனால் மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு தடவைகூடச் செய்வதில்லை என்பது என் அனுமானம். பெரிய லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்று பலகை இருக்கும். பயணத்துக்குப் போகிற மாதிரியே எல்லாச் சாமானும் ஏற்றி, பெட்ரோல் நிரப்பி, அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து, முன் சக்கரம் முதல் தட்டிலும் பின் சக்கரம் இரண்டாவது தட்டிலும் வரும்படி ஏற்றி நிறுத்தி, அங்கிருக்கும் பொத்தானை அழுத்திச் சொன்னால் ஒவ்வொரு அச்சின் எடையும் சீட்டில் வந்துவிடும். பின் அச்சு 9,600ஐத் தாண்டினால் எந்த டயரும் உங்களைக் காப்பாற்றாது, சாமானை இறக்குவதுதான் வழி. முதலில் இறக்க வேண்டியது தண்ணீர். ஒரு காலன் 8.3 பவுண்டு, ஐம்பது காலன் டேங்க் என்றால் 415 பவுண்டு, அதைச் சுமந்துகொண்டு நியூ மெக்சிகோவைக் கடக்க வேண்டிய அவசியம் என்ன? வழியில் கழுவிக்கொள்ள, கழிப்பறைக்கு என்று பத்து காலன் வைத்துக்கொண்டு மிச்சத்தை முகாமில் பிடித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையையும் அம்மா ஏற்றச் சொல்வார்கள், அதை முன் பக்கமாக வையுங்கள்.

சீட்டு கையில் கிடைத்ததும் டயர் கம்பெனியின் எடை-காற்று அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேடை அச்சின் மொத்த எடையைத்தான் சொல்லும், இடது வலது சமமாக இருக்காது, ஒரு பக்கம் சமையலறை, ஒரு பக்கம் ஜெனரேட்டர் என்று இருக்கும், அதனால் அட்டவணை சொல்வதைவிடக் கொஞ்சம் கூடவே வையுங்கள், ஆனால் டயரிலும் ரிம்மிலும் எழுதியுள்ள உச்சத்தைத் தாண்டாமல். பின்னால் உங்களுக்கு 80க்குப் பக்கத்தில்தான் வரும் என்று நினைக்கிறேன். காலையில் வண்டி கிளம்பும் முன் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். மதியம் அமரில்லோவில் நின்று பார்த்தால் 90க்கு மேல் காட்டும், பயந்துபோய்க் காற்றைத் திறந்து விட்டுவிடாதீர்கள், அந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். ஃபிளாக்ஸ்டாஃப் ஏழாயிரம் அடி உயரம், காலையில் குளிரும், குளிர் அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் உயரம் போகப் போக வெளிக்காற்று லேசாவதால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடும். அங்கே போய்த் திருகிக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஓட்டும் வேகம் 62, 65. டெக்சாஸில் 75 பலகை பார்த்ததும் கால் தானாக அழுந்தும், அந்தப் பலகை உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது என்றால், முதலில் போன் செய்து 31 அடி மோட்டார் ஹோம் என்று சொல்லுங்கள். பல பெரிய கார் டயர்க் கடைகளில் உயரம் பற்றாது, எடைக்கு ஏற்ற ஜாக்கியும் இருக்காது, அங்கே போய் நின்ற பிறகு மாட்டேன் என்பார்கள். லாரி டயர்க் கடையில் அந்தத் தொல்லை இல்லை. ஆன்லைனில் வாங்கி அங்கே அனுப்பினால் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மாட்டுவார்களா என்று கேளுங்கள், சிலர் ஒத்துக்கொள்வார்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) ஃபோர்டு கையேட்டு அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள், முதல் ஐம்பது நூறு மைலில் திரும்பவும் ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். பளபளவென்று ஸ்டெயின்லெஸ் மூடி போட்டிருந்தால் அதைக் கழற்றித்தான் பார்க்க முடியும், சோம்பல்படாதீர்கள்.

பயணம் முடிந்து வந்ததும் டயருக்கு வெள்ளை உறை போட்டு நிறுத்துங்கள், காற்றைக் குறைத்து வைக்காதீர்கள், கறுப்பாகப் பளபளக்க வைக்கும் திரவம் எதையும் பூசாதீர்கள், பெட்ரோலியம் கலந்ததாக இருந்தால் ரப்பரைக் காக்கும் பொருளை அதுவே கழுவிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும். மாதம் ஒரு தடவை இருபது மைல் சுற்றி வந்தால் டயருக்கும் நல்லது, இன்ஜினுக்கும் நல்லது.

ஸ்டெப்னி விஷயம் கடைசியாக. முதலில் உங்கள் வண்டியில் ஸ்டெப்னி ரிம் இருக்கிறதா பாருங்கள், பல கிளாஸ் சி வண்டிகளில் கிடையாது. இருந்தால் அதில் மாட்டியிருக்கும் டயர் 2012ஆகவே இருக்கலாம், அதன் தேதியையும் பாருங்கள். ரிம் இருந்தால் ஏழாவது டயர் ஒன்று புதிதாக வாங்குவதுதான் என் சிபாரிசு. முடியவில்லை என்றால் கழற்றிய ஆறில் வெடிப்பு குறைந்த ஒன்றை இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள், போட நேர்ந்தால் 45 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் அடுத்த ஊர் டயர்க் கடை வரைக்கும்தான். இந்த அளவு டயர் ஷட்டில் வேன், ஆம்புலன்ஸ் எல்லாவற்றிலும் ஓடுகிறது, ஓரளவு பெரிய ஊரில் தேடினால் கிடைக்கும். ரிம் இல்லையென்றால் டயரைக் கட்டித் தூக்கிப் போவதில் பெரிய பிரயோஜனம் இல்லை, அதற்குப் பதில் மோட்டார் ஹோமையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் சாலை உதவித் திட்டம் ஒன்றில் சேருங்கள். கார்த் திட்டத்திலேயே இதுவும் அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள், பலவற்றில் அடங்காது. சேர்வதற்கு முன் போன் செய்து வண்டியின் நீளத்தையும் எடையையும் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.